அரை விரல் ஆழம்

நாற்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றிலிருந்து எடுத்து
லாரியின் முதுகில்
முட்டை வைப்பதுபோல் வைக்கத் தெரியும் எனக்கு.
ரீகா துறைமுகம், ஏழாம் எண் கிரேன்,
இருபத்திரண்டு வருடம்.
ஸைகா என்று கேட்டால் காவலாளிகூடச் சொல்வான்.

பேசில் செடி ஒன்பது நாளில் செத்துப்போனது.

பாஸ்தாவுக்கென்று வாங்கியது,
கண்ணாடித்தாள் சுற்றிய சின்னத் தொட்டி.
நாலு இலை கிள்ளிய பிறகு
மிச்சத்தைக் குப்பையில் போடக் கை வரவில்லை.
ஜன்னலில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன்.
வாடியது; ஊற்றினேன்.
இன்னும் வாடியது; இன்னும் ஊற்றினேன்.
தாகத்தில் சாவதும் மூழ்கிச் சாவதும்
இலையில் ஒரே மாதிரிதான் தெரியுமாம்.
தொட்டியைக் கவிழ்த்தபோது
வேரில் கப்பல் அடித்தட்டின் வாடை.

அடுத்தது ரோஸ்மேரி.
பட்ட பாடத்தில்
தண்ணீரையே கண்ணில் காட்டாமல் கொன்றேன்.
புதினாவைக் கொன்றது ஹீட்டர், நானில்லை
என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஹீட்டர் மேல் வைத்தது நான்.

நவம்பரில் இங்கே வெளிச்சம்
வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போகும் விருந்தாளி.
செருப்பைக் கழற்றுவதில்லை.
நாலு மணிக்கு முன்பே தெருவிளக்கு.
அந்த மாதத்தில்தான்
யாருக்கு என்ன நிரூபிக்கவோ
ஒரு பாக்கெட் சதகுப்பை விதை வாங்கினேன்,
சமையலறைக்கு ஒரு ஊதா விளக்கும்.

பாக்கெட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில்:
'அரை விரல் ஆழம் தொட்டுப் பார்க்கவும்.
ஈரமிருந்தால் ஊற்ற வேண்டாம்.'

தொட்டேன்.
மண் குளிர்ந்திருந்தது, லேசாகப் பிசுபிசுத்தது.
அப்போதுதான் தோன்றியது,
இருபத்திரண்டு வருடத்தில் தூக்கிய எதையும்
நான் தொட்டதே இல்லை.

சும்மா இருந்தேன்.
சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை!
பதினோராம் நாள்
பச்சை நூல்கள்,
ஊசியில் கோக்க எச்சில் தொட்டு நீட்டியதுபோல்.

ஜனவரியில் அசுவினி வந்தது.
மூடிய ஜன்னல், மூன்றாம் மாடி, மைனஸ் பதினாறு.
எந்த வழியாக என்று இன்றுவரை புரியவில்லை.
செடிகளைக் குளியல் தொட்டியில் அடுக்கி
குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டேன்.
போன் வந்தது: கப்பல் முன்னதாகவே வந்துவிட்டது, ஓடி வா.

ஓடினேன்.

நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில்
சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
எடுக்கக் கூடாது; பெட்டி அந்தரத்தில் நிற்கிறது.
மறுபடி அதிர்ந்தது. மறுபடி.
ஆறாவது முறையோ ஏழாவதோ,
குழாய்.
அன்றுதான் என் பெட்டி
லாரியில் டொம்மென்று இறங்கியது.
டிரைவர் இறங்கி வந்து
அண்ணாந்து பார்த்தான்.

தொட்டி மண் கரைந்து வடிகாலை அடைத்திருக்கிறது.
கீழ்வீட்டு ஓயார்ஸின் சமையலறைக் கூரையில்
தேநீர் நிறத்தில் ஒரு ஏரி.
நடுவில் வாளி.
அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

கையில் வேறெதுவும் இல்லை.
மாடியேறிப் போய்
என் முதல் அறுவடை முழுவதையும்
நகவெட்டிக் கத்தரியால் நறுக்கி எடுத்து வந்தேன்.
ஒரு பிடிகூட இல்லை. அசுவினியைக் கழுவியிருந்தேன்,
கழுவியதில்தானே இவ்வளவும்.

கிழங்கின் மேல் தூவினார்.
வெண்ணெய் உருகியது. நல்ல வாசம்.
வாளியில் சொட்டு விழுந்தது.
இரண்டு தட்டு வைத்தார்.

"எப்படி வளர்க்கிறாய், சாகாமல்?"
"தெரியாது. மூன்று செத்துவிட்டது."
தலையாட்டினார், நல்ல பதில் கிடைத்ததுபோல.

கூரைக்கு வெள்ளையடிக்க
என்னிடம் நூற்றிருபது யூரோ வாங்கிக்கொண்டார்.
மீதி விதையையும்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு ஓயார்ஸின் போன்.
தயிர் டப்பாவில் விதைத்திருக்கிறாராம்.
எவ்வளவு ஆழம் தொட்டுப் பார்ப்பது?

"அரை விரல்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"யாருடைய விரல்?"